குழாயைக் கழுவிய நாள்

"உள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாதுங்காரு. அப்பம் எதத்தாம்ளா இந்த மனுசன் உறிஞ்சுதாரு?" என்று ஒருநாள் என்னைக் கேட்டாய். இன்று காலை என் ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னப் பம்பு கடகடக்கத் தொடங்கியதும் அந்தக் கேள்விதான் முதலில் நினைவுக்கு வந்தது.

எண்பதைத் தாண்டிய எனக்கு இந்த வெயிலில் ஏசி வேண்டும் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். மாட்ட வந்தவருக்கு அவசரம். "பம்பெல்லாம் எதுக்கு ஆச்சி? கேஸக் கொஞ்சம் திறந்துவிட்டா உள்ள இருக்க காத்தத் தள்ளிக்கிட்டு வந்துரும்" என்றார். நான் ஒப்பவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய்ப் பம்பை எடுத்துவந்தார். அது ஓடி முடிகிற வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைபார்த்து ஒரே வாடகை வீட்டில் இருந்த காலம். நான் விஞ்ஞானம், நீ தையல். உன் இன்சுலின் மதராஸிலிருந்து ரயிலில் வரும். அதை ஐஸ்கட்டியோடு மரத்தூளில் புதைத்துவைப்போம். மீன்பாடு கூடிய நாட்களில் ஐஸ் எல்லாம் கடற்கரைக்குப் போய்விடும், நமக்குக் கிடைக்காது. அந்தக் கோடையில் அப்படித்தான் வாங்கிவைத்த மருந்து முழுவதும் சூட்டில் கெட்டது. ஊசி போட்டும் பலிக்காமல், வகுப்பில் தையல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாய். இன்னொரு தடவை இப்படி ஆனால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் உன் அப்பாவிடம் சொன்னார்.

கப்பல்களுக்குச் சாமான் கொடுத்துவந்த உன் அப்பா, உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துப் பொருள்களை ஏலம் விட்டபோது ஒரு குளிர் அலமாரியை எடுத்துவந்தார். இப்போதைய ஏசி மாதிரிதான் அதுவும். மோட்டார் முற்றத்தில், குளிரும் பெட்டி அறைக்குள், நடுவில் இரண்டு செப்புக் குழாய்கள். துறைமுகத்தில் கப்பல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் சூசை அண்ணாச்சி மாட்டித்தர வந்தார். புது மருந்து முந்தின நாள்தான் வந்திருந்தது. ஈரச் சாக்கு சுற்றிய மண்பானைக்குள் அதை வைத்துவிட்டு, நீ போகும்போதும் வரும்போதும் பானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய்.

குழாய்களை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்த அண்ணாச்சி அவற்றின் முனைகளைப் புனல் மாதிரி விரித்து, மோட்டாரோடும் பெட்டியோடும் இணைத்து முறுக்கினார். பம்பை வைத்து உள்ளே இருந்த காற்றை இழுத்தார். அழுத்தம் காட்டும் மானியின் முள் அடிவரை இறங்கியது. பம்பை நிறுத்தினார். முள் மெல்ல ஏறியது.

"எங்கனயோ ஒழுகுது" என்றார். குளிரூட்டும் வாயுவைக் கொஞ்சம் உள்ளே விட்டு, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். ஒரு குமிழ்கூட எழவில்லை. மறுபடி இழுத்தார். மறுபடி முள் ஏறியது. நீ அடுப்படிக்கும் முற்றத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தாய்.

"தாயி, நீங்க நடந்தா முள்ளும் நடக்கும். செத்த உக்காருங்க."

"உமக்கென்ன அண்ணாச்சி, ஊசி எனக்குல்லா."

முள் கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிடுவதை அப்போதுதான் கவனித்தேன். ஓட்டை இருந்தால் நிற்காதே, முழுக்க ஏறிவிடுமே என்றேன். அண்ணாச்சி முகம் மாறியது. "அப்பம் உள்ள தண்ணி கிடக்கு. காஞ்ச குழாயில்லா கொண்டாந்தேன்?"

நீ அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாய். "நாந்தாம் கழுவுனேன். நீரு சாப்பிடப் போனப்பம்."

"எதுக்குத் தாயி?"

"ஹார்பர்ல வெட்டவெளியில கிடந்த சாமானாம்லா. உப்பு தின்னுராதா? குடிக்க வச்சிருந்த நல்ல தண்ணிய ஊத்தி, நுனியெல்லாம் தொடச்சித்தாம் வச்சேன்."

"குடிக்கத் தண்ணி கிடைக்காத ஊருல குழாய்க்கு ஊத்தியிருக்கிய" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலோரத்திலிருந்து வருகிற சைக்கிளோ தகர டின்னோ எதுவானாலும் நல்ல தண்ணீரில் அலசித்தான் நம் ஊரில் வீட்டுக்குள் எடுப்பார்கள். நீயும் அதைத்தான் செய்தாய். ஆனால் இந்தக் குழாய்க்குள் வாயு போகும் வழியில் ஊசிக்கண் அளவு ஓரிடம் உண்டு. மிச்சமிருக்கும் துளி அங்கே போய் உறைந்துவிடும். பேனா முள்ளில் மெழுகு பட்டால் மை இறங்காதல்லவா, அதுபோல.

வெந்நீர்த் துணியைக் குழாயில் சுற்றிக்கொண்டே, உள்ளே ஒன்றுமே இல்லாதபடி மறுபடி இழுப்போம் என்றார் அண்ணாச்சி. அப்போதுதான், எதை உறிஞ்சுகிறார் என்ற அந்தக் கேள்வியைக் கேட்டாய். உன் கண்ணாடி ஊசிக்குழல் கொதித்து இறங்கிய சட்டியில் கிடந்தது. ஊசியில்லாமல் அதில் பாதிக்கு அந்தச் சூட்டு நீரை எடுத்து, நுனியை விரலால் அடைத்து, தண்டைப் பின்னால் இழுத்துக் காட்டினேன். உள்ளே குமிழ்கள் துள்ளின.

"கொதிக்குதுளா, அடுப்பில்லாம."

"அழுத்தம் குறைஞ்சா தண்ணி ஆவியாயிரும். அந்த ஆவியத்தாம் அவரு இழுக்காரு. உப்பளத்துல வெயில் பாக்குற வேலைய இங்கன பம்பு பாக்குது."

ஊசிக்குழலைப் பிடுங்கி நீயே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாய். அப்புறம் மூவரும் மாறி மாறித் துணியை நனைத்துச் சுற்றினோம். பானையின் சாக்கு காய்ந்துகொண்டே வந்தது. அதற்கும் நீதான் தண்ணீர் தெளித்தாய். வெயில் சாய்ந்தபோது அண்ணாச்சி பம்பை நிறுத்தினார். முள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று நான்தான் அவர் கையைத் தடுத்தேன். அப்புறம் வால்வைத் திறந்து வாயுவை விட்டார்.

பெட்டிக்குள் சுருள்குழாயில் வெண்பனி படர்ந்ததும் மருந்துப் புட்டிகளை உள்ளே வைத்தாய். மூடினாய். உடனே திறந்தாய்.

"திறக்காதளா, குளிர் போயிரும்."

"இருக்கான்னு பாக்கண்டாமா?"

அந்தக் கோடையைத் தாண்டினாய். அதன் பிறகும் பல கோடைகள். நீ கண்ணை மூடிய பிறகும் நான் நெடுங்காலம் வகுப்பெடுத்தேன். நிலைகொள்ளாத பிள்ளையைப் பார்த்து, பேசாமல் உட்கார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதன் கையில் இழுத்துப் பார்க்க ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுவேன். அது உன்னிடமிருந்து வந்த பழக்கம்.

வெளியே பம்பு நின்றுவிட்டது. "போதும்லா ஆச்சி, திறந்துரட்டா?" என்கிறார். இருப்பா, வாரேன் என்று எழுந்துகொள்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: உங்கள் வீட்டில் ஏசி மாட்டும்போது, பம்பை நிறுத்திய பிறகு கால்மணி நேரம் மானியின் முள்ளைப் பாருங்கள், அது அசையாமல் நின்றால் மட்டும் வாயுவைத் திறக்கச் சொல்லுங்கள்.