சாம்பல் நிறக் கட்டைவிரல்

அன்பு மகன் அக்பாய்க்கு அம்மா ஊனாவி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், மாடு கறக்கிறது, அடுப்பு எரிகிறது. நீயும் மருமகள் லூபாவும் குழந்தையும் அந்த வடக்குக் குளிரில் கை கால் சுகத்தோடு இருக்கிறீர்களா என்று இதைப் படித்த கையோடு அக்காவுக்குப் போனில் சொல். நம் வெள்ளை நாயைப் புதைத்த அன்று குழியைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர். நான், உன் அக்கா பயால்சே, உன் அப்பாவின் அக்கா சாலிகா, குழி வெட்டிய பக்கத்து வீட்டு பெக்துகான், புனிதத் தோப்பின் பூசாரி இலிகாய். ஐந்து பேர் பெயரையும் மனதில் வைத்துக்கொள், நடந்ததற்கு நாங்கள்தான் சாட்சி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். செத்ததன் பெயரை நாற்பது நாள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எழுதினால் அதன் காதில் விழாது என்று பூசாரியிடம் கேட்டுக்கொண்டுதான் ஓஷ்பி என்று இங்கே ஒரே ஒரு முறை எழுதுகிறேன். நீயும் சத்தம் போட்டுப் படிக்காதே.

அக்டோபர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அது போனது. பதினான்கு வயசு. நீ வடக்கே போன நாளிலிருந்து உன் அப்பாவின் காலடியிலேயே கிடந்தது, அவர் போன பிறகு இந்த நான்கு வருஷமும் அவருடைய காலி பூட்ஸ் பக்கத்தில் படுத்தது. மனுஷருக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்ய வேண்டும் என்று நான்தான் சொன்னேன். வெந்நீரில் குளிப்பாட்டினோம், வெள்ளைத் துணியில் சுற்றினோம், அது அந்தப் பக்கம் இறங்கிப் போக பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று நூலைத் தலையிலிருந்து வால் வரை நீளமாக வைத்தோம். செத்தவர் உலகத்து நாய்களை விரட்ட நாம் மனுஷருக்கு வைப்பது போல பயால்சே முள்ரோஜாக் கிளையையும் ஒடித்துக்கொண்டு வந்துவிட்டாள். பெக்துகான் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, “என்ன அக்கா, நாய வெரட்ட நாய்க்கே குச்சியா? அங்க இருக்கறதெல்லாம் அதுக்குச் சொந்தக்காரங்கதான், மோந்து பாத்துட்டு விட்ருவாங்க” என்றான். பூசாரியே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

அது வழி தப்பாமல் உன் அப்பாவிடம் போய்ச் சேரட்டும், அவருக்கும் துணையாக இருக்கட்டும் என்று அவருடைய கையுறை ஒன்றை அதன் மூக்குக்கு அடியில் வைக்க நினைத்தேன். யாருடைய வாசனை வைக்கிறோமோ அவரைத்தான் அது தேடிப் போகும். உள்ளறைப் பெட்டியில் கைவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். உனக்கும் அவருக்கும் ஒரே பூவேலை வைத்து நான் பின்னியது உனக்கு நினைவிருக்கும். குழிக்குள் வைக்கும்போது சாலிகா எட்டிப் பார்த்து, “அடியே ஊனாவி, கட்டவெரல் வேற நெறமா தெரியுதே, நல்லா பாத்தியா?” என்றாள். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன் என் கல்யாணத்தில் நான் காய்ச்சிய தேன்மது தண்ணியாக இருக்கிறது என்று ஊர் கேட்கச் சொன்ன வாய் அது, மாமியார் டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்த செம்புச் சமோவாரை இன்றைக்கும் தன் வீட்டில் வைத்திருக்கிற கை அது. அவள் சொல்லி நான் பார்ப்பதா? “பின்னினவ நான், நீங்க சொல்லித் தர வேணாம் அண்ணி” என்று சொல்லிவிட்டு முதல் பிடி மண்ணை நானே போட்டேன். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தோம், அப்பம் சாப்பிட்டோம், எல்லாம் முறைப்படி நடந்தது.

மூன்றாம் நாள் பெட்டியில் உள்ள துணிகளைத் துவைக்க எடுத்தேன். உன் அப்பாவின் கையுறை இரண்டும் இருந்தன அக்பாய். உன்னுடையது ஒன்றுதான் இருந்தது. மற்றது, நாய் குட்டியாக இருக்கும்போது கையுறையின் கட்டைவிரலைக் கடித்துத் தின்றுவிட நீ அழுதாயே, நான் சாம்பல் நிற நூலில் வேறு விரல் பின்னித் தந்தேனே, அது. உயிரோடிருக்கிறவனின் சாமானை என் கையாலேயே குழிக்குள் வைத்திருக்கிறேன்.

உடனே தோண்டலாம் என்று மண்வெட்டியோடு போனவளை இலிகாய் கையைப் பிடித்து நிறுத்தினார். “மூடின மண்ண நாப்பதுக்கு முன்னாடி தொறந்தா வழியில இருக்கறது திரும்பி வரும்மா, தனியா வராது” என்றார். நாற்பதாம் நாள் டிசம்பர் நான்கு, வியாழக்கிழமை. அன்றைக்கு அவரே வந்து திறந்து, உன்னுடையதை எடுத்துவிட்டு அப்பாவுடையதை வைப்பார். அதுவரை அது யாரைத் தேடிப் போகும் என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் நீ அக்காவிடம் போனில் சொன்னாயாமே. விடியற்காலையில் உங்கள் டிரெய்லர் வீட்டுக் கதவை ஏதோ பிறாண்டியது, திறந்து பார்த்தால் புதுப்பனியில் ஒரு தடமும் இல்லை, “நம்ம நாய் மாதிரியே தாழ்ப்பாள்கிட்ட பிறாண்டுச்சுக்கா” என்று சிரித்தாயாம். பயால்சே இதை என்னிடம் சொன்னபோது என் கையில் பால் வாளி இருந்தது. அதன் பிறகு எனக்கு ஞாபகமில்லை. நீ ஒரு முறை திறந்துவிட்டாய். இனி திறக்காதே. குழந்தையையும் திறக்க விடாதே. என்ன சத்தம் கேட்டாலும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, விசில் அடிக்காதே.

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மாதக் கடைசியில் ஆறு உறைந்ததும் முதல் லாரியை நீதான் ஓட்டிக்கொண்டு பனிப்பாதையில் அக்கரைக்குப் போகப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். போகாதே. காய்ச்சல் என்று சொல், முதுகுவலி என்று சொல், வேலையே போனாலும் போகட்டும். டிசம்பர் நான்கு வரை அந்தப் பனிமேல் கால் வைக்காதே. முன்னால் ஒரு வெள்ளை நாய் ஓடுவதைப் பார்த்தால் நீ பின்னாலேயே போய்விடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

சாலிகா போன வியாழன் தானாக என் வீட்டுக்கு வந்தாள், சமோவார் இல்லாமல்தான். வாசலிலேயே நின்று அழுதாள். “மூணு தடவ என் தம்பி கனவுல வந்தான்டி. பையன அனுப்பி வைக்கச் சொல்லு, பையன அனுப்பி வைக்கச் சொல்லுன்னான். உங்கிட்ட சொன்னா என்னையத்தான் திட்டுவியேன்னு சொல்லல” என்றாள். திட்டியிருப்பேன்தான். உன் அப்பா சாகும்போதும் “வந்துட்டானா”, “வந்துட்டானா” என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தார். ஆற்றில் பாதை திறக்காமல் நீ வர முடியாமல் போனது அவருக்குப் புரியவே இல்லை. நான் கையுறை எடுத்தபோது உள்ளறையில் வெளிச்சம் இருந்தது அக்பாய், ஜன்னல் திறந்திருந்தது. என் கண் இன்னும் ஊசி கோர்க்கிறது. சாம்பல் நிறத்தை நான் பார்க்காமல் போனது எப்படி?

சாலிகா போனதும் வழக்கம்போல அப்பத்தையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துக்கொண்டு அவர் சமாதிக்குப் போனேன். வைக்கவில்லை. கூடையை அவருக்கு முன்னால் காட்டிவிட்டு மறுபடி மூடினேன். நாய் வேணும்னா வெச்சுக்கோங்க, பிள்ளைய விட்டுருங்க, நாலாம் தேதி வரைக்கும் ஒரு துண்டு கிடையாது, அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் ஆயுசுக்கும் கிடையாது, பசியோட உக்காந்திருங்க என்று சொன்னேன். திரும்பி வரும்போது நம் வேலிவரைக்கும் பின்னால் நகங்களின் சத்தம் கேட்டது, உறைந்த மண்ணில் நடக்கிற சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீயும் திரும்பிப் பார்க்காதே.

பெக்துகான் ஷிஃப்டுக்கு உன் பக்கம் வருகிறான், கடிதம் அவன் கையில். கூடவே உன் இன்னொரு கையுறையும் இருக்கிறது. போட்டுக்கொள்ளாதே, தலையணைக்கு அடியில் வை. லூபா சிரித்தால் சிரிக்கட்டும். வெண்ணெய் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், குழந்தைக்குக் கஞ்சியில் போடு. பெரிய வெள்ளைக் கடவுள் உன் கூரையைப் பிடித்துக்கொள்ளட்டும், தோப்பு மரங்கள் உன் பெயரை மறக்காமல் இருக்கட்டும், நீ என்னைப் புதைக்கிற வயசுவரை வாழ வேண்டும். நாலாம் தேதி, வியாழக்கிழமை. மறுபடியும் எழுதுகிறேன், நாலாம் தேதி.

உன் அம்மா,
ஊனாவி

சாலிகா அத்தை உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். அவளை மன்னித்துவிட்டேன், சமோவாரையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். கையில் எடுத்ததைப் பார்க்காத என்னையும் எப்படியோ மன்னித்துக்கொள்வேன். முப்பத்தேழு வருஷம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு, என் கண்ணை மறைத்து என் கையாலேயே என் பிள்ளையைக் கேட்டாரே, அவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். உன் அப்பாவை. யானிஷை.