பின்னால் பிடி வைத்த கதிரை

மாவில்மடை,
கண்டி.
ஆவணி வெள்ளிக்கிழமை.

அன்புள்ள யசோதாவுக்கு,

உன்னையும் உன் தம்பி ராஜலிங்கத்தின் வீட்டாரையும் பிள்ளையார் நல்லபடியாக வைத்திருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு அங்கம்மா சோறு கொடுக்கிறாள், நானும் சாப்பிடுகிறேன். நீ கிளிநொச்சிக்குப் போய் இரண்டு மாதமாகிறது. போனில் கூப்பிட்டால் "ம்", "சரி" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதைப் பாதியில் தம்பியிடம் கொடுக்க உனக்கு மனம் வராது என்று ஒரு நம்பிக்கை.

இங்கே மழை விடவில்லை. பின்பக்கத்து மண்மேடு கொஞ்சம் சரிந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்தது. ஆள் பிடித்து அள்ளிவிட்டேன், பயப்படாதே. உன் கறிவேப்பிலைக் கன்று பிழைத்துக்கொண்டது. என் கூட்டாளி நடராஜாவுக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டது. சீனி போடாத வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உலகத்தையே திட்டிக்கொண்டு திரிகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த மோட்டார் சக்கரக் கதிரை நீ விட்டுப்போன இடத்திலேயே கூடத்தில் நிற்கிறது. பெட்ஷீட் போட்டு மூடி வைத்திருக்கிறேன். தம்பியின் வேனில் ஏறும்போது பழைய கைக்கதிரையை ஏற்றச் சொன்னாய். புத்தம் புதியது இருக்க இந்த ஓட்டையையா கொண்டு போகிறாய் என்று நான் சத்தம் போட்டேன். "அதுலன்னா சக்கரத்த நானே தள்ளிக்குவேங்க" என்றாய். அது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. வீம்புக்குப் பேசுகிறாய் என்று நினைத்தேன்.

விளங்க வைத்தவள் அங்கம்மா. போன வாரம் இடியாப்பம் கொண்டுவந்தவளிடம் உன்னைப் பற்றி முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசுபத்திரியில் முதுகுத்தண்டு ஒபரேஷன் நடந்ததிலிருந்து உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தேன், இவ்வளவு செய்தும் ஒரு நன்றி இல்லையே என்றேன். அவள் தட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, கோயிலுக்குப் போன அன்னைக்கு அக்கா எதக் கும்பிட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா? செருப்பு வைக்கிற தட்டத்தான் கும்பிட்டாங்க."

இடியாப்பத் தட்டை அப்படியே மூடி வைத்தேன், யசோதா. அந்த வெள்ளிக்கிழமையை நினைத்து நினைத்துப் பார்த்தேன். படி ஏற முடியாது என்று உன்னை முற்றத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து நேரே பார்த்தால் மூலஸ்தானம் தெரியும் என்று நான்தான் இடமும் பார்த்தேன். அப்போது நடராஜா வந்தான். பேச்சு சுவாரசியத்தில், போகிற வருகிற சனத்துக்கு வழிவிட உன்னை ஓரமாகச் செருப்புத் தட்டின் பக்கம் திருப்பிவிட்டேன். தீபாராதனை மணி அடித்தது. நான் கைகூப்பிக்கொண்டு சாமியின் பக்கம் திரும்பிவிட்டேன். உன்னைத் திருப்பவில்லை. ஓட்டுகிற பிடி உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது, உன் கைக்கு எட்டாது. கூப்பிட்டிருக்கலாமே என்றுதான் என் புத்தி முதலில் கேட்டது. அத்தனை சனத்துக்கு நடுவில், என்னைத் திருப்பிவிடுங்கள் என்று ஒரு பெண்பிள்ளை எப்படிக் கத்துவாள்?

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில், சாமி நன்றாகத் தெரிந்ததா என்று உன்னைக் கேட்டேன். "தெரிஞ்சது" என்றாய். நானும் சந்தோஷப்பட்டேன். அடுத்த நாள், வந்து கூட்டிப்போகச் சொல்லி நீ தம்பிக்குப் போன் எடுத்தாய். எந்த மனிதனாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பான். நான் பார்க்கவில்லை.

கதிரை வாங்கிய கதையும் உனக்கு முழுதாகத் தெரியாது. கடையில் அளவு பார்க்கிற றம்ஸியா என்ற பிள்ளை, ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், உட்கார வைத்துப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று முதலிலேயே சொன்னது. உன்னை ஏற்றி இறக்குவது கஷ்டம் என்று நான் நம் சாப்பாட்டுக் கதிரையை அளந்து அந்த அளவைக் கொண்டுபோனேன். அவருக்கு எந்தக் கை நன்றாக வேலை செய்யும் என்று கேட்டது. பிடியைக் கைப்பக்கம் வைக்கத்தானே கேட்கிறது? "அதெல்லாம் தேவையில்ல, பின்னாலயே வைங்க, நான்தான் ஓட்டுவேன்" என்றேன். உண்மையில் எந்தக் கை என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் உன் கையால் சாப்பிட்டவன் நான்.

அன்றைக்கே கதிரையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வாகனப் பூசையும் போட்டேன். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய், எல்லாம் லொறி வாங்கியவனைப் போல. வெறும் கதிரையைப் பின்னால் நின்று ஓட்டித் தேசிக்காயை நசுக்கினேன். சனம் சிரித்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. உட்காரப் போகிறவள் வீட்டில் இருக்க, ஓட்டப் போகிறவனுக்கு அர்ச்சனை நடந்தது. நீ அந்த மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாய்.

ஏன் இப்படிச் செய்தேன்? நம் தெருவின் இறக்கம் பயங்கரம், உனக்கு ஒன்று ஆகிவிடக்கூடாது என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. ஆசுபத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கதிரை வந்தால் வாவிக்கரையைத் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வருவேன், சந்தைக்குப் போய் நானே விலை பேசுவேன் என்று சொன்னாயே, அப்போதே எனக்குள் ஒரு பயம் ஏறிவிட்டது. நான் இல்லாமலும் உன்னால் முடியும் என்ற பயம். மாநகர சபையில் ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்து மூடியவன், ஓய்வு பெற்ற பிறகு உன்னைத்தான் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பாய். இருந்தாலும் திங்கட்கிழமை றம்ஸியாவிடம் மறுபடி போனேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நம் கதிரையின் இருக்கை உனக்கு அகலம் அதிகமாக இருக்கும் என்கிறது. அதனால் உடம்பு ஒரு பக்கம் சாயுமாம், இடுப்பு வலிக்குமாம். நீ வலி என்றபோது நான் மெத்தையை மாற்றினேன். பின்சக்கரம் இழுக்கிற கதிரைக்குத் திரும்ப நிறைய இடம் வேண்டும், நடுச்சக்கரம் இழுப்பது நின்ற இடத்திலேயே சுற்றும், நீ சமைக்கிற சின்னக் குசினிக்கு அதுதான் நல்லதாம். பிடியை எந்தக் கைப்பக்கமும் வைக்கலாம். விரல் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வேகம் போக வேண்டும் என்பதைக்கூட ஆளுக்கு ஏற்றபடி வைத்துத் தருவார்களாம். ஹேவாஹெட்டையில் கை நடுங்குகிற ஒரு பெரியவருக்கு, பின்னால் பிடி வைத்ததுதான் தேவையாம். நம்முடையதை அவருக்குக் கொடுத்து மாற்றலாம் என்றது. பிழை கதிரையில் இல்லை.

அந்த உற்சாகத்தில் மேசன் பாஸ் இருளப்பனைக் கூட்டிவந்து குசினி வாசலை அகலமாக்கச் சொன்னேன். அவர் சுவரில் கோடு போட்டு உளியை வைத்ததும்தான் உறைத்தது, இதையும் உன்னைக் கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னேன். பாஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். சுவரில் கோடு மட்டும் இருக்கிறது.

அளவு கொடுக்க நீ கண்டிக்கு வரவேண்டும் என்றில்லை. றம்ஸியாவின் ஆட்கள் மாதம் ஒருமுறை வவுனியாவுக்கும் போகிறார்கள். நீ உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்து, பிடித்தால் சொல்லலாம். பிடிக்காவிட்டால் வேறு ஒன்று பார்க்கலாம். நான் கூட வரமாட்டேன், தம்பியுடன் போ.

நீ தினமும் காலையில் அந்தக் கைக்கதிரையைத் தள்ளிக்கொண்டு தனியாகக் கடைக்குப் போவதாகவும், முகம் தெளிந்திருப்பதாகவும் ராஜலிங்கம் சொன்னான். அங்கே தரை சமமாம். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

புறப்படும்போது றம்ஸியா கடைசியாக ஒன்று கேட்டது. மேடு பள்ளமான ஊருக்கு மோட்டாரும் பிரேக்கும் பலமாக இருக்க வேண்டுமாம், மணல் தரை என்றால் அகலமான சக்கரம் வேண்டுமாம். "அவங்க எந்த ஊர்ல இருக்கப் போறாங்க, அங்கிள்?" என்றது. கண்டி என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகையால் கேட்கிறேன், யசோதா. எந்த ஊர் என்று நீயே எழுது. கிளிநொச்சி என்றாலும் தயங்காமல் எழுது, கதிரையை அங்கேயே கொண்டுவந்து இறக்கச் சொல்கிறேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன். இன்று காலை பிள்ளையார் முன்னால் நின்று என்ன கேட்டேன் என்பதை மட்டும் இதில் எழுதவில்லை. எழுதினால் அதுவும் உன்னைப் பின்னாலிருந்து ஓட்டியதாகிவிடும்.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்,
தனபாலன்