முயல் திரும்பி வரவில்லை

மனூபா,
திங்கட்கிழமை

அன்பு மகன் வஜ்திக்கு,

உன் அம்மா சலுவா எழுதுவது. அல்லாஹ் உன்னையும் பெரியம்மா தலெந்தா வீட்டார் எல்லோரையும் நலமாக வைத்திருக்கட்டும். போனை அணைத்துப் போட்டுவிட்டு சஃபாக்ஸில் போய் உட்கார்ந்துகொண்டால் அம்மாவிடமிருந்து தப்பித்துவிட்டதாக எண்ணமா? பக்கத்து வீட்டு ரித்தா நாளை லுவாஜ் வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறான். கடிதத்தை உன் கையிலேயே கொடுத்துவிட்டு, நீ பிரிக்கும்வரை நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். தலெந்தா மீன் குஸ்குஸை அள்ளி அள்ளி வைப்பாள், எனக்குத் தெரியும். பார்த்துச் சாப்பிடு. பிரான்சுக்குக் குதிரை ஓட்டப் போனால் முதலில் உன்னைத் தராசில்தான் ஏற்றுவார்கள்.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல என்று எழுத ஆசைதான். மாடித் தொட்டி மறுபடியும் ஒழுகுகிறது. உன் அப்பா அதைச் சரிசெய்கிறேன் என்று காலையில் ஏறியவர், வெறுமனே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தார். குதிரைப் பந்தயத்தில் ஜெயித்த ஜாக்கி இப்படியா இருப்பான்? எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, மகனே. அதனால் நேற்று நடந்ததை என் மரமண்டைக்கு எட்டியவரை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். தப்பிருந்தால் நீ திருத்து.

நீங்கள் இருவரும் ஏறிய இரண்டும் லம்ஜத் முதலாளியின் குதிரைகள். ஜெயிக்கவேண்டியது நீ ஏறிய புர்கான். அப்பா ஏறிய மெஸ்ரார் வெறும் முயல். முயலின் வேலை என்ன? எடுத்த எடுப்பிலேயே தலைதெறிக்க ஓடி, மற்றக் குதிரைகளையும் இழுத்து ஓடவைத்து, அவற்றைக் களைக்கவைத்து, கடைசி வளைவில் தானும் ஓய்ந்து பின்னால் வந்துவிடுவது. அதுவரை அலட்டிக்கொள்ளாமல் வந்த புர்கான் அப்போது கிளம்பும். நீ பெரிய குதிரைகளில் ஏறத் தொடங்கியதிலிருந்து உன் அப்பா உனக்கு இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார். ஒரு தடவைகூட அந்த முயல் திரும்பி வராமல் இருந்ததில்லை. அதனால்தான் அது ஜெயித்துவிடும் என்று எவனும் அதை எட்டிப் பிடிக்கப் பார்ப்பதில்லை.

நேற்றும் பயிற்சியாளர் பஷீர் சொன்னபடிதான் அப்பா கிளம்பினார். எதிர்ப்பக்கத்து நேர்பாதையில் மெஸ்ரார் தனியாக எங்கேயோ போய்விட்டது. என் பக்கத்தில் நின்ற ஒருவன் உன் அப்பாவைக் காட்டி, "மொன்ஜி கிழவன் அடுப்புல பாலை வச்சுட்டு வந்துட்டான் போல" என்று சொல்லிச் சிரித்தான். அங்கே எங்கோதான் அப்பா வேகத்தைக் குறைத்திருக்கிறார். முதுகு நிமிரவில்லை, கடிவாளத்தைப் பிடித்து இழுக்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் நீ எப்போது கிளம்புவாய் என்று உன்னைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நீ மெஸ்ரார் எப்போது ஓயும் என்று பார்த்துக்கொண்டு வந்தாய். இப்படியே எல்லோரும் சேர்ந்து மெதுவாக ஓடியிருக்கிறீர்கள். இடைவெளி குறையாததால் முயல் இன்னும் பறக்கிறது என்று மைதானமே நம்பியது, நானும் நம்பினேன். கடைசி நேர்பாதையில் பார்த்தால் மெஸ்ராருக்கு மூச்சு மிச்சம் இருக்கிறது. நீ பாய்ந்துதான் வந்தாய். ஒரு கழுத்தளவு போதாமல் போய்விட்டது.

இதோடு முடிந்திருந்தால் ஒரு கெட்டிக்காரன் எல்லோரையும் ஏய்த்துவிட்டான் என்று ஊர் பேசிவிட்டு விட்டிருக்கும். ஆனால் கடைசி வளைவில் உனக்கு முன்னால் பாதை திறந்தே கிடந்ததே. நான் வேலியோரம்தான் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன். உன் இரண்டு கையும் புர்கானின் கழுத்தில் அசையாமல் இருந்தன. "விடுடா, இப்ப விடுடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நீ விட்டபோது நேரம் போயிருந்தது. அப்புறம், தோற்ற நீ குதிரையை விட்டு இறங்கி நேராகப் போய் அப்பாவின் தலையில் முத்தமிட்டாய். மைதானம் முழுக்க அதைப் பார்த்தது. வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிக்கொண்டு, "அப்பாகிட்டயே கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

அவரிடம் கேட்டேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒன்று சொன்னார்: "குதிரை திணறுச்சு, கொஞ்சம் மூச்சு வாங்கட்டும்னு விட்டேன், அவ்வளவுதான்." காலையில் வேறு சொன்னார்: "பின்னால குளம்புச் சத்தம் வரும் வரும்னு காதை வச்சுக்கிட்டே போனேன். அவன் வரவே இல்ல, சலுவா." மத்தியானம் பஷீர் வந்து, வியாழக்கிழமை நடுவர்கள் உங்கள் இருவரையும் விசாரிக்கிறார்கள் என்று சொன்னார். கேட்டதும் உன் அப்பா மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "நான்தான் வேணும்னே எல்லாரையும் ஏமாத்தினேன். என் பையனுக்கு ஒண்ணும் தெரியாது. அங்கயும் இதையேதான் சொல்லுவேன்." இந்த மூன்றில் எது நிஜம்? நான் எதை நம்புவது?

பஷீர் விவரமாகச் சொன்னார். அப்பாவிடம், வேகத்தைக் குறைக்கச் சொன்னது யார் என்று கேட்பார்கள். உன்னிடம், பாதை கிடந்தும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்பார்கள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது என்று முடிவானால் இரண்டு உரிமமும் போய்விடும், உன் பிரான்ஸ் பயணமும் அதோடு சரி. ரொட்டிக் கடையில் இப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. புர்கான்மேல் பணம் கட்டிய ஒருவன், "அப்பனும் மவனும் ஒரே தட்டுல சாப்பிடறவங்கதானே" என்றான். "ஆமா, ஒரே தட்டுலதான். ஜாக்கி வீட்டுத் தட்டுல என்ன இருக்குன்னு வந்து பாரு, நீயே பட்டினியா திரும்பிப் போவே" என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். வாய் பேசிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மீதிச் சில்லறையை அங்கேயே விட்டிருந்தேன்.

எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றுகிறது. அப்பா நிஜமாகவே உன்னை ஏய்த்திருக்கலாம். இவ்வளவு வருஷம் மற்றவன் ஜெயிப்பதற்காக ஓடிய மனுஷன், ஒரு நாள் திரும்பி வர மனமில்லாமல் அப்படியே போயிருக்கலாம். அப்படியானால் அவர் உனக்குச் செய்தது பெரிய தப்பு, வியாழக்கிழமை அதற்கான தண்டனையை வாங்கிக்கொள்ளட்டும். அல்லது நீ வளைவிலேயே எல்லாவற்றையும் கண்டுகொண்டாயா? முயல் இன்றைக்குத் திரும்பாது என்று தெரிந்தும் கையைக் கழுத்திலேயே வைத்திருந்தாயா? அப்படியானால் அவர் உனக்காகத் தன்னைத்தானே ஏமாற்றுக்காரன் ஆக்கிக்கொள்ளப் போகிறார், இனி எந்த லாயத்திலும் அவரை ஏற்றமாட்டார்கள். ஒரு நேரம் உன்மேல் கோபம் வருகிறது, அடுத்த நேரம் அவர்மேல். சமையலறையில் நின்று ஒரே வெங்காயத்தை இரண்டு தடவை தேடுகிறேன்.

அதனால் புதன்கிழமை ரித்தாவின் வண்டியிலேயே திரும்பி வந்துவிடு. அந்த நடுவர்கள் முன்னால் உட்காருவதற்கு முன் நீங்கள் இருவரும் என் சமையலறையில் உட்காருங்கள். என்ன சொல்லவேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், பொய் சொல்லுங்கள் என்றும் கேட்கமாட்டேன். நடந்ததை முதலில் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள், அது போதும். நான் வேண்டுமானால் மாடிக்குப் போய் ஒழுகும் தொட்டியோடு இருக்கிறேன்.

இன்னொன்று. நேற்றிலிருந்து உன் அப்பாவிடம் எல்லோரும் எதையெதையோ கேட்டுவிட்டார்கள், முதலாளி திட்டியும் விட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஜெயித்திருக்கிறார். ஆனால் நல்லா ஓட்டினீங்க என்று ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் உனக்கு எதிராகப் போய்விடுமோ என்று பயம். நீ வாசலில் நுழைந்ததும் அதை அவரிடம் சொல்லிவிடு, மகனே. உன்னால் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லிவிட்டால் அதற்கப்புறம் நானும் சொல்வேன்.

அல்லாஹ் உன் வழியை லேசாக்கட்டும், உன் நாவுக்கு உண்மையையும் உன் நெஞ்சுக்கு இரக்கத்தையும் சேர்த்தே தரட்டும்.

உன் வரவுக்காகக் கதவைத் தாழிடாமல் இருக்கும்,
அம்மா
சலுவா