செவ்வந்தி மாலை சுற்றிய பெல்ட்

ரப்பர் கருகும் நாற்றம் வந்ததும் இன்று என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. புது பெல்ட்டை இறுக்கமாகப் பூட்டிவிட்டேன் போல. இன்ஜினை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். நீங்கள் விட்டுப்போன இரண்டு சக்கரக் கை டிராக்டர்தான், வேறென்ன? நீங்கள் போன பிறகும் என் உயிரை வாங்குகிறது.

லொறி ஓட்டி ஓய்ந்த மனுஷனுக்கு வீட்டில் சும்மா இருக்க முடிந்ததா? நோர்வூட்டுக்கு மேலே ஒரு துண்டு நிலத்தில் ஆசைக்கு லீக்ஸ், கோவா என்று மரக்கறி போட்டீர்கள். அதை உழுவதற்குத் துருப்பிடித்த இந்தச் சனியனை வலப்பனையிலிருந்து ஏற்றி வந்தீர்கள். ஸ்பேனர் பிடித்துத் திருகியதைவிடச் சுத்தியலால் அடித்ததுதான் அதிகம். அது இருமி நிற்கும் போதெல்லாம் நீங்கள் திட்டிய திட்டு கீழ் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும்.

ஆயுத பூசையன்று அதற்குச் செவ்வந்தி மாலை போட்டீர்கள். பக்கத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம். பூசணி வெட்ட அந்தக் கத்தியை எடுக்கப்போனேன். பாய்ந்து வந்தீர்கள்.

"அடியே, பூசைக்கு வச்சத இன்னைக்குத் தொட்டியோ, கைய முறிச்சிருவேன்!"

"அப்ப டிராக்டரையும் தொடாதீங்க."

"சத்தம் மட்டும் கேட்டுட்டு நிப்பாட்டிர்றேன் புள்ள."

முந்தின நாள்தான் இன்ஜினைக் கழற்றிப் பூட்டி முடித்திருந்தீர்கள், பொறுக்கவில்லை. மாலையைக் கழற்றாமலே ஹேண்டிலைச் சுற்றினீர்கள். மாலை பெல்ட்டில் சிக்கியது. நான் பிடித்து இழுத்தேன். நார் விரலில் சுற்றிக் கையை உள்ளே இழுத்தது. எலும்பு நொறுங்குவது முதலில் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது.

சந்தனம் காயாத அந்தக் கத்தியை நீங்களே எடுத்து ஒரே வெட்டு. மாலையும் பெல்ட்டும் சேர்ந்து அறுந்தன. அறுந்த பெல்ட் உங்கள் முகத்தில் அடித்துக் கன்னத்தைக் கிழித்தது. ரத்தம் ஒழுக ஒழுகச் சுத்தியலைத் தூக்கினீர்கள்.

"எம் பொண்டாட்டி கையத் திம்பியாடா, நாயே!"

எண்ணெய்த் தாங்கி நசுங்கிப் பொத்துக்கொண்டது. நீங்கள் நிறுத்தவில்லை.

"என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மனுஷா! அத அப்புறம் கொல்லலாம்!" என்று நான் கத்திய பிறகுதான் சுத்தியல் கீழே விழுந்தது.

என் கைத் தையல் பிரித்த மறுநாளே அதே சனியனை ரிப்பேர் செய்ய உட்கார்ந்தீர்கள். ஆத்திரத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெல்ட்டுக்கு மேலே ஒரு தகர மூடி அடித்து, "இனி யாரு கையும் போவாது," என்று தரையைப் பார்த்துச் சொன்னீர்கள். அந்த மூடியைத்தான் இன்றைக்கும் கழற்றி மாட்டுகிறேன்.

பெட்டியில் உங்களைக் கிடத்தியபோது, கன்னத்துத் தழும்பைச் சந்தனத்தால் மறைக்கப் பார்த்தார் உங்கள் தங்கை. கையைத் தட்டிவிட்டேன். அந்தத் தழும்பு எனக்காக வாங்கியது. பிறகு விரல் விரியாத இந்தக் கையால் வாய்க்கரிசி போட்டேன். பாதி அரிசி உங்கள் நெஞ்சில் சிந்திவிட்டது. திட்டாதீர்கள். நீங்கள் வெட்டி மீட்ட கைக்கு அவ்வளவுதான் முடிந்தது.