கம்பெனி கூண்டில் ஏறிய நாள்

பிப்ரவரி 11, செவ்வாய்

குளிர்கிடங்கில் அம்மோனியா வாயுக் கசிவு அலாரம் இன்று மூன்று தடவை அலறியது. மூன்று தடவையும் மீன் பெட்டி ஏற்றும் வேலை நின்றது. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். "இந்தச் சனியனை முதல்ல நிறுத்துங்க. சும்மா சும்மா கத்துது."

நிஜமாகவே கசிகிறதா என்று பார்க்க ஆளைக் கூப்பிடலாமா என்றார் மெக்கானிக். "நீ ஏன்யா புதுசா கிளப்புற?" என்று எரிந்து விழுந்தார் முதலாளி. எழுத்தில் தந்தால்தான் ஒயரைக் கழற்றுவேன் என்று மெக்கானிக் அடம்பிடிக்க, நான் உத்தரவை டைப் அடித்தேன். முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் எதைத்தான் படித்தார்?

பிப்ரவரி 12

முதுகுவலி. வீட்டுக்காரர் சமைத்தார். உப்பு இல்லை, பெருமை மட்டும் தூக்கல்.

மார்ச் 6, வியாழன்

அக்கா போய்விட்டாள். மீன் தரம் பிரிக்கிற அக்கா. பதினொரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவள். அம்மோனியா. கூடவே பெட்டி வண்டி ஓட்டுகிறவரும். கதவுக்கு நாலடி தூரத்தில் கிடந்தார்களாம்.

அலாரம் அடித்திருந்தால் —

எப்படி அடிக்கும்? அடிக்கக் கூடாதுன்னுதானே நான் டைப் பண்ணிக் குடுத்தேன். எழுத முடியல. போதும்.

மார்ச் 10

வாசலில் இரங்கல் அறிவிப்பு. "எங்கள் குடும்பத்தின் இரு உறுப்பினர்களை இழந்தோம்." குடும்பமாம்! அக்காவின் பெயரில் எழுத்துப்பிழை. அடுத்த பத்தியிலேயே, "தொழிலாளர்கள் பாதுகாப்பு விதிகளை மீறாமல் நடந்துகொள்ள வேண்டும்." செத்தவர்கள் மேலேயே பழி. த்தூ.

ஏப்ரல் 22, செவ்வாய்

போலீஸ் வழக்குப் போட்டுவிட்டது. கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பெயர். முதல் எதிரி, கம்பெனி. வேறு எதிரியே இல்லை.

கம்பெனி வக்கீல் வந்தார். வாசனை முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார். "கம்பெனிக்கு உடம்பு கிடையாது, மனசு கிடையாது. அப்புறம் அலட்சியம் எங்கேர்ந்து வரும்?" என்று சிரித்தார். முதலாளியும் சிரித்தார்.

இடம் வாங்க, ஆளை வேலையைவிட்டுத் தூக்க, காலண்டரில் பல்லைக் காட்ட மட்டும் கம்பெனிக்கு உடம்பு முளைத்துவிடுகிறது. இரண்டு பேர் செத்தால் ஆவியாகிவிடுகிறது.

மெக்கானிக்கிடம் இருந்த உத்தரவு தொலைந்துவிட்டதாம். போன வாரம் அவர் சூப்பர்வைசர் ஆனார். என் ஃபைலில் இருந்த நகலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். எதற்கு? தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

கோர்ட்டில் கம்பெனி சார்பாக யாராவது கூண்டில் நிற்க வேண்டும். ஒரு டைரக்டருக்கு மூட்டுவலி. இன்னொருவர் வெளிநாட்டில். முதலாளிக்குத் திடீரென்று பிரஷர். ஆக, நான்!

தீர்மானம் போட்டுவிட்டார்கள்: இந்த அம்மாள் கோர்ட்டில் சொல்வது கம்பெனி சொல்வதாகும். எல்லா டைரக்டர்களும் கையெழுத்து. எனக்குத் துணைப் பொது மேலாளர் என்று ஒரு பட்டம் வேறு.

"நீங்க வாயே திறக்காத ஆளு. அதான் உங்க மேல நம்பிக்கை" என்றார் முதலாளி. "குற்றம் செய்யலைன்னு ரெண்டே வார்த்தை. முடிஞ்சுது."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நிக்கறதுக்கு ஆள் வேணும்னா ஒரு பொம்மைய நிறுத்தச் சொல்லு."

"பொம்மையத்தான் தேடினாங்க. கிடைச்சிடுச்சு."

ஜூன் 26, வியாழன்

கோர்ட் வராந்தாவில் அக்காவின் வீட்டுக்காரர். சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருந்தது. சரிபண்ண ஆளில்லை. என்னைப் பார்த்து, "நீயுமாம்மா?" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

கூண்டில் ஏறினேன். நீதிபதி குற்றச்சாட்டைப் படித்தார். "கம்பெனி குற்றத்தை ஒத்துக்குதா?"

"ஒத்துக்குதுங்க ஐயா."

வக்கீலுக்குப் புரையேறியது.

"புரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார் நீதிபதி.

"புரிஞ்சுதாங்க ஐயா. அலாரத்தை நிறுத்தச் சொன்ன உத்தரவு இது. கையெழுத்து முதலாளியோடது. டைப் அடிச்சது நான்."

கடைசி வாக்கியத்தை அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரிதான். வேறு என்ன எதிர்பார்த்தேன்?

ஜூன் 27

வேலை போனது. பட்டத்துக்கு ஆயுசு பதினொரு நாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நான் சொன்னது கம்பெனி சொன்னதாகாது, அந்த அம்மாளுக்குப் புத்தி சரியில்லை என்று வக்கீல் மனு போட்டிருந்தார். நீதிபதி அவர்கள் போட்ட தீர்மானத்தை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, மனுவைத் தள்ளிவிட்டார். கம்பெனி குற்றவாளி. உத்தரவில் கையெழுத்துப் போட்டதற்காக முதலாளி இரண்டாம் எதிரி. நான் சாட்சி. என்னையும் சேர்த்திருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

சாட்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர் வந்தார். ஒரு ஆள் இடம் விட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதலாளியைக் கூப்பிட்டார்கள். கூண்டுப் படியில் கால் வைத்தவர், கையிலிருந்த போனையும் கண்ணாடிக் கூட்டையும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் திரும்பினார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

பழக்கதோஷம். பாதி எழுந்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்துகொண்டேன்.