கறுப்பர் விழாவும் கருப்பனுக்கு வந்த மெமோவும்

அனுப்புநர்:
மு. கருப்பன் (வயது 53),
வேதியியல் ஆய்வக உதவியாளர் (தற்காலிகப் பணிநீக்கத்தில்),
கிரிவலப் பாதை, அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழக அலுவலகம்.

பொருள்: கறுப்பின மக்களாக ஆள்மாறாட்டம் செய்ததாக எனக்குத் தரப்பட்ட மெமோவை ரத்து செய்து, மீண்டும் பணியில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள தனியார் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஒரு குடுவையை உடைத்தேன் என்றுகூட இதுவரை என்மேல் புகார் கிடையாது.

2. சென்ற மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து, 'கறுப்பர் வரலாற்றையும் பண்பாட்டையும் வளாகத்தில் கொண்டாடுக' என்று சுற்றறிக்கை வந்தது. அலுவலகக் கண்காணிப்பாளர் திரு. சகாதேவன் வருகைப் பதிவேட்டைப் புரட்டி, வளாகத்தில் உள்ள ஒரே கருப்பன் நான்தான் என்று கண்டுபிடித்தார். பல்கலைக்கழகம் மரியாதை கொடுத்து 'கருப்பர்' என்று எழுதியிருப்பதாக முதல்வரிடமும் விளக்கிவிட்டார். சுற்றறிக்கையில் இருப்பது வல்லின றகரம், என் பெயரில் இருப்பது இடையின ரகரம் என்று பணிவுடன் சுட்டிக்காட்டினேன். "அதெல்லாம் டைப்பிங் மிஸ்டேக்குயா. கம்முனு வந்து மேடையில உக்காரு" என்றார். உட்கார்ந்தேன்.

3. பிப்ரவரி 20 அன்று விழா நடந்தது. வாசலில் என் படம் போட்ட பேனர் வைத்தார்கள். மாலை போட்டு, மேளத்துடன் கல்லூரிக் கட்டடத்தை மூன்று முறை வலம் வரச் செய்தார்கள். அன்று பௌர்ணமிகூட இல்லை. பண்பாட்டுக் காட்சிக்காக என் மனைவி ஜோதியம்மாள் சமைத்துக் கொடுத்த களியையும் கருவாட்டுக் குழம்பையும், காட்சி தொடங்குமுன் விழாக் குழுவினரே சாப்பிட்டுத் தீர்த்தார்கள். இதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் மேடை ஏறுமுன், இந்த நிறத்துக்குப் போட்டோவில் முகம் விழாது என்று இரண்டு முறை பவுடர் அப்பினார்கள். கறுப்பர் விழாவுக்கு எதற்கையா பவுடர்?

4. எங்கள் கல்லூரியில் திரு. ஒட்டியெனோ என்ற கென்யா நாட்டு மாணவர் படிக்கிறார். அன்று பேசுவதற்கென்று நாற்பது பக்கம் எழுதி வந்திருந்தார். சம்பந்தமில்லாதவர்கள் பேச முடியாது என்று அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள்.

5. என் வரலாற்றைப் பத்து நிமிடம் சொல்லச் சொன்னார்கள். வெள்ளி விழாக் குழுப் படத்தில் என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியதைச் சொன்னேன். என் மகள் எழிலரசி இதே கல்லூரியில் முதல் வகுப்பில் தேறியவள். பட்டமளிப்பு விழாவில் பன்னீர் தெளிக்க நின்றவளை, கொஞ்சம் கலரான பெண்ணை நிறுத்தலாம் என்று சொல்லி உள்ளே அனுப்பினார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. அதையும் சொன்னேன். வயிறு எரிந்துதான் சொன்னேன். மேடையில் இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒட்டியெனோ மட்டும் எழுந்து கைதட்டினார். மூன்று வருடமாகக் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து போகிறவர், தமிழ் நன்றாகப் புரியும். விழா முடிந்ததும் என்னிடம் வந்து, "அண்ணே, நான் எழுதினதும் இதாங்க" என்றார்.

6. கல்லூரி அனுப்பிய விழா அறிக்கையைக் கண்டு, கறுப்பர் என்பது ஓர் இனத்தார், தனிநபர் அல்ல என்று தாங்கள் விளக்கம் கேட்டீர்கள். அதன் பலனாக, உலகத்துக் கறுப்பின மக்கள் அனைவருமாக நான் ஒருவனே ஆள்மாறாட்டம் செய்ததாகவும், மேடையில் நிறுவனத்தை அவமதித்ததாகவும் கல்லூரி எனக்கு மெமோ கொடுத்து, தற்காலிகப் பணிநீக்கமும் செய்தது. மாலையைக் கேட்டு வாங்கியவன் நான் இல்லை ஐயா. அழைப்பிதழின் நகலையும் பவுடர் பூசிய புகைப்படத்தையும் இணைத்துள்ளேன்.

7. ஆகவே மெமோவை ரத்து செய்து என்னை வேலையில் சேர்க்கவும், திரு. ஒட்டியெனோவின் நாற்பது பக்கத்தையும் அதே மேடையில் வாசிக்க வைக்கவும் உத்தரவிடக் கோருகிறேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருவேன்.

8. தாங்கள் விரைந்து முடிவெடுக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. 'நான் கறுப்பன் அல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டால் மறுநாளே வேலை என்று, தட்டச்சு செய்த தாளைத் தினமும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். இருபத்தாறு வருடம் என் நிறத்தைச் சொல்லிச் சிரித்தபோது ஒருவரும் என்னிடம் அத்தாட்சி கேட்கவில்லை. இப்போது இல்லை என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எழுதினாலும், அதன் அடியில் எந்தப் பெயரில் கையெழுத்துப் போடுவது என்று அவர்கள் சொல்லவில்லை.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 17.03.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
மு. கருப்பன்