டிங்கருக்குத் தமிழ்

1931 பிப்ரவரி 3, செவ்வாய்

பூகோள வகுப்பில் இன்று நதிகள் வரைந்தோம். வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஒரு நாய்! பூனையைவிடக் கொஞ்சம் பெரியது. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் காப்பி நிறம். பெயர் டிங்கர். அப்பா கிராணியாகக் கணக்கெழுதும் ரப்பர் ஆபீஸின் துரையுடையது. துரைசானி பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போயிருக்கிறாள். குழந்தையோடு திரும்பும்வரை நாய் எங்கள் வீட்டில் இருக்குமாம்.

"ஏங்க, நமக்கு எதுக்கு இது?" என்றாள் அம்மா.

"ரப்பர் விலை விழுந்து கெடக்கு. ஆபீஸ்ல ரெண்டு பேரை நிறுத்தியாச்சு. இந்த நேரத்துல துரைகிட்ட முடியாதுன்னு சொல்லச் சொல்றியா, அமலம்?"

நாய் நாற்காலியைப் பார்த்து ஒரு தடவை குரைத்தது. அம்மா எழுந்து இடம் விட்டாள்.

பிப்ரவரி 4

நான் பள்ளியிலிருந்து வந்தபோது டிங்கர் அம்மாவின் சேலை முந்தானையைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. "வேணாம் ராஜா, விடுங்க ராஜா" என்று அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள். துரை வீட்டு நாய் என்பதால் மரியாதை! நான் "சிட்!" என்றேன். உட்கார்ந்துவிட்டது.

அப்பா கைதட்டிச் சிரித்தார். "பாத்தியா! ரீத்தாவோட இங்கிலீசுக்கு மடங்கிடுச்சு." எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு சொன்னார்: "நாளைக்கு மட்டும் வீட்ல இரும்மா."

பிப்ரவரி 9

அந்த 'நாளைக்கு மட்டும்' இன்னும் முடியவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

ரொட்டிக்கார நூர் முகம்மதை டிங்கர் கணுக்காலில் கடித்துவிட்டது. இரத்தம் வந்தது. "என்னங்க, ரொட்டியை விட்டுட்டு என் காலைக் கேக்குது?" என்று அவர் வலியோடு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். "சின்னதுதானே, வெளையாடுது" என்று சொல்லி, குரைப்பை நிறுத்த அதற்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடித்தது, பிஸ்கட் கிடைத்தது. காலையிலும் குரைத்தது, பிஸ்கட் கிடைத்தது. அப்படியென்றால் இதற்குக் கடிக்கக் கற்றுக்கொடுப்பது யார்? நாங்கள்தானே! இதே காரியத்தைத் தெருவில் ஒரு பெரிய நாய் செய்தால் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். சின்னதாக இருப்பதால் யாரும் அதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதுவும் பாவம்தான்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். தபசு காலம் தொடங்கிவிட்டது, ஈஸ்டர் பாஸ்குவரை நோன்பு. எங்களுக்குக் கஞ்சியும் துவையலும். டிங்கருக்கு ஆட்டிறைச்சி. துரை வீட்டில் அப்படித்தான் பழக்கமாம். அம்மா இறைச்சியை வேகவைத்து, எலும்பு நீக்கி, ஊதி ஆறவைத்துக் கொடுத்தாள். நாங்கள் மூவரும் கஞ்சி குடித்துக்கொண்டு அது தின்பதைப் பார்த்தோம்.

பிப்ரவரி 27

என் வகுப்பு ஜூலியானா வந்திருந்தாள். வகுப்பில் கணக்குப் பாடம் எங்கேயோ முன்னால் போய்விட்டதாம். பாஸ்கு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் நான் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று பள்ளித் தலைமை மதர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அப்பாவிடம் சொன்னேன். செய்தித்தாளை இறக்காமலே, "பதினாலு வயசாச்சு. எழுதப் படிக்கத் தெரியுது. நாய் போகட்டும், பாக்கலாம்" என்றார்.

அப்பாவின் 'பாக்கலாம்' எனக்குத் தெரியும்.

காலையில் வெள்ளைச் சட்டைப் பெண்கள் ரிக்ஷாவில் போவதை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். டிங்கரும் பக்கத்தில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறது. அது குரைக்கிறது. நான் குரைப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மார்ச் 2

இரவெல்லாம் யோசித்தேன். இதற்கு இங்கிலீஷ்தான் தெரியும். இந்த வீட்டில் பகலில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் மட்டும்தான். அதனால்தான் நான் வீட்டில். இதற்குத் தமிழ் தெரிந்துவிட்டால்?

மார்ச் 9

ஒரு வாரத்தில் 'உக்காரு', 'இரு', 'விடு' மூன்றும் கற்றுக்கொண்டது! 'வா' என்பது நேற்றே வந்துவிட்டது. வழி இதுதான்: வார்த்தையை ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். கத்தக் கூடாது. அது செய்யும்வரை நாம் அசையக் கூடாது. செய்த உடனே பிஸ்கட் கொடுக்க வேண்டும். குரைத்துக் கேட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இன்று நான் சுவரைப் பார்த்து நின்ற நேரத்தில் சுவரிலுள்ள விரிசல்களில் ஒரு நதியையே கண்டுபிடித்துவிட்டேன்.

மார்ச் 13

நாய்க்குக் கற்றுக்கொடுப்பது சுலபம். அம்மாவுக்குத்தான் கஷ்டம்.

"உக்காருங்க ராஜா. உக்காரு. உக்காரேன்டா, கண்ணு இல்ல? சரி போ, இந்தா தின்னு."

"அம்மா! ஒரு தடவைதான் சொல்லணும்."

"ஒரு தடவை சொன்னா யாருடி கேப்பா? இந்த வீட்ல நான் சொன்னதை எவன் ஒரே தடவையில கேட்டிருக்கான்?"

பிஸ்கட்டை அவள் கையில் கொடுத்து, "மறுபடியும் சொல்லிப் பாரும்மா" என்றேன்.

மார்ச் 16

துரை அப்பாவிடம் சொன்னாராம்: குழந்தை பிறந்துவிட்டது, பெண். இனி இந்த நாய் ஒரு தடவை கடித்தாலும் சுட்டுவிடுவாராம். அப்பா இதைச் சாதாரணமாகச் சொன்னார். டிங்கர் அவர் செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 20

இன்னிக்கு ஒண்ணுமே சரியில்ல. அது யாரு சொன்னாலும் கேக்கல. அம்மாவும் கேக்கல. நான் இந்த வீட்லயே கிழவியாகிடுவேனா? பூகோளப் புத்தகத்தைத் திறந்தா ஊர் பேரெல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இருக்கு. கடற்கரைக்குப் போய்க்கூட எத்தனை நாளாச்சு? எனக்கு யாரு 'வா'ன்னு சொல்லுவா?

மார்ச் 27

நூர் முகம்மது வந்தார். டிங்கர் வாசலுக்குப் பாய்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்படியிலிருந்து வந்த அம்மா "இரு" என்றாள். ஒரே தடவை. அது நின்றுவிட்டது, வால் மட்டும் ஆடியது. அம்மா அவரிடம் ரொட்டி வாங்கி, காசு கொடுத்து, கதவைச் சாத்தி, அப்புறம்தான் அதற்குப் பிஸ்கட் கொடுத்தாள்.

"அக்கா, இனிமே என் காலு ரெண்டும் உங்க பொறுப்பு" என்று வெளியிலிருந்து குரல் கேட்டது. அம்மா தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

ஏப்ரல் 5, பாஸ்கு ஞாயிறு

பூசைக்குப் போனோம். மதரைத் தூரத்தில் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 8

துரைசானி வந்தாள். பிரம்புக் கூடையில் தூங்கும் குழந்தையைக் கூடத்தில் வைத்தாள். டிங்கர் ஓடிவந்தது. "உக்காரு" என்றேன். உட்கார்ந்து, குழந்தையை மோந்து பார்த்து, அப்படியே படுத்துக்கொண்டது. துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இங்கிலீஷில், "எவ்வளவு பொறுமையான பெண்! குழந்தையையும் நாயையும் பார்த்துக்கொள்ள இவளையே என் வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றாள்.

அப்பா, "யெஸ் மேடம், யெஸ் மேடம்" என்றார்.

நன்றாகச் செய்ததற்கா இது? நாயைத் திருத்தினேனே, இனி என்னைப் பள்ளிக்கு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேனே.

அவள் நாயோடு போனபின் அப்பா அம்மாவிடம் தமிழில் சொன்னார். அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிராமல், "அவ ஸ்கூலுக்குப் போவா" என்றாள்.

அப்பா பேச ஆரம்பித்தார். வேலை, துரையின் கோபம், நிறுத்தப்பட்ட இரண்டு பேர். குரலை ஏற்றினார், இறக்கினார், என்னைக்கூடச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அம்மா மீனைக் கழுவினாள், உப்பு தடவினாள். கடைசியில் அப்பா களைத்துப்போய், "அப்ப துரைசானிக்கு நான் என்னதான் பதில் சொல்றது?" என்றார்.

"நான் போறேன். நாய்க்கு இப்பத் தமிழ் தெரியும். காலையில போயி மத்தியானம் வந்துருவேன். அந்த வீட்டு ஆளுங்களுக்கும் பழக்கிக் குடுத்துட்டு நின்னுக்குறேன்."

"கிராணி பொண்டாட்டி ஆயா வேலைக்குப் போறதா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"கிராணி மக போனா பேச மாட்டாங்களா?"

அப்பா வெளியே போய் வாசலில் நின்றார்.

ஏப்ரல் 13, திங்கள்

பள்ளி. தசம பின்னம் ஒன்றும் புரியவில்லை. கரும்பலகையில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

சாயங்காலம் வந்தபோது அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரவிக்கையில் குழந்தை கக்கிய பால் வாசனை. பங்களாவுக்கு அவ்வளவு தூரமும் நடந்தே போய்வந்தாளாம். துரைசானி 'உக்காரு' சொல்லப் பழகுகிறாளாம். டிங்கர் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டுத்தான் உட்காருகிறதாம். அம்மா அதைச் செய்துகாட்டினாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்புறம் அவள் பாதத்தைப் பார்த்தேன். வீங்கியிருந்தது.

"நாளைக்கு மட்டும் நான் போகட்டுமாம்மா?"

"படி" என்றாள்.

விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தசம பின்னத்தை எடுத்தேன்.